அடையாள அட்டை இலக்கம் எந்தத் தரவுத்தளத்தில் எங்கெங்கே பயன்படுகிறது? தேடிப் பிடிக்கும் வழி

கேள்வி இதுதான். திருகோணமலை நகரில் தலைமை அலுவலகமும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமத்தில் கிளைகளும் உள்ள ஒரு கடன், சேமிப்புச் சங்கத்தில் கணினிப் பிரிவைப் பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கத்தவர், சேமிப்பு விபரங்கள் எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு தரவுத்தளம். கடன்கள் அதே சேர்வரில் இன்னொன்று. சம்பளப் பட்டியல் வெளியார் செய்து கொடுத்தது, மைஎஸ்கியூஎல் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருளில். வெளிக்கள உத்தியோகத்தர்கள் தவணைப் பணத்தைக் கைத்தொலைபேசியில் பதியும் செயலிக்குப் போஸ்ட்கிரெஸ் என்ற மூன்றாவது மென்பொருள். தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்கு ஆரம்பத்தில் 10 எழுத்து அகலம்தான் வைத்திருந்தார்களாம். 12 இலக்க அட்டைகள் வந்த பிறகு கண்ணில் பட்ட இடங்களையெல்லாம் அகலப்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் சில அங்கத்தவர்களின் கடன் நிலுவை திரையில் வருவதில்லை, சிலருக்குக் குறுஞ்செய்தி போவதில்லை. "இந்தப் புலம் எங்கெல்லாம் பயன்படுகிறது என்று எல்லாத் தரவுத்தளங்களிலும் ஒரேயடியாகத் தேட ஒரு குவெரி இருக்கிறதா?"

அப்படி ஒரே குவெரி (தரவுத்தளத்திடம் விபரம் கேட்கும் கட்டளை) இல்லை. ஆனால் வேலை முடியாத வேலையும் இல்லை. நான்கு தரவுத்தளம் என்றால் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து செய்யக்கூடியதுதான். பெரும்பாலானவர்கள் புலத்தின் (அட்டவணையிலுள்ள நெடுவரிசையின்) பெயரைத் தேடிவிட்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பெயர்த் தேடலில் அகப்படுவது, நல்ல பெயர் வைத்து ஒழுங்காகச் செய்த இடங்கள் மட்டும். உங்களுக்குத் தொல்லை கொடுப்பவை அநேகமாக அந்தப் பெயரில் இல்லாத இடங்கள். ஆகவே பெயரைத் தேடுங்கள், ஆனால் அதைவிட அக்கறையாகப் பெறுமதியைத் தேடுங்கள். அடையாள அட்டை இலக்கம் என்ற பெறுமதிக்கு ஒரு தெளிவான உருவம் இருக்கிறது. அந்த உருவத்தை வைத்து, என்ன பெயரில் ஒளிந்திருந்தாலும் பிடிக்கலாம்.

முதலில் அந்த உருவத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், அடுத்த மூன்று தொடர் இலக்கம், ஒன்பதாவது சரிபார்ப்பு இலக்கம். பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்படும். 2016 ஜனவரி முதல் வழங்கும் அட்டைகளில் 12 இலக்கம், எழுத்து கிடையாது: நான்கு இலக்கத்தில் ஆண்டு, மூன்றில் நாள், நான்கில் தொடர், கடைசியில் சரிபார்ப்பு. பழையதைப் புதிய வடிவுக்கு மாற்ற, முன்னால் 19 சேர்த்து, நாளுக்கும் தொடருக்கும் நடுவில் ஒரு 0 நுழைத்து, எழுத்தை விட்டுவிட்டால் போதும்.

இதிலிருந்து தேடலுக்கு உதவும் சில விஷயங்கள் உடனே கிடைக்கின்றன. நாள் என்ற பகுதி 001 முதல் 366 வரை, அல்லது 501 முதல் 866 வரைதான் இருக்க முடியும். புதிய இலக்கம் 19 அல்லது 20 என்றுதான் தொடங்கும். பழையது எழுத்தில்தான் முடியும். அப்படியானால், 10 எழுத்து நீளத்தில் பத்தும் இலக்கமாக, 19 அல்லது 20 என்று தொடங்கும் ஒரு பெறுமதியை எங்கே பார்த்தாலும் அது வால் வெட்டுப்பட்ட புதிய இலக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். பழைய அட்டையில் அப்படி வராது, புதியதிலும் வராது. இலங்கைத் தொலைபேசி இலக்கமும் 10 இலக்கம்தான், ஆனால் அது 0 என்று தொடங்கும், அதனால் குழப்பம் இல்லை. உங்கள் அங்கத்தவர், கடன் அட்டவணைகளில் இந்த ஒரு சோதனையை இன்றைக்கே போட்டுப் பாருங்கள். நிலுவை தெரியாத ஆட்களில் கணிசமானோர் அதில் வருவார்கள் என்று நினைக்கிறேன். வெட்டுப்படும்போது போவது தொடர் இலக்கத்தின் கடைசி எண்ணும் சரிபார்ப்பு எண்ணும். ஒரே நாளில் பிறந்த இரண்டு பேர் ஒரே 10 இலக்கத்தில் வந்து மோதுவதற்கும் இடமுண்டு. ஒருவருடைய கடன் இன்னொருவர் பெயரில் தெரிவதைப்போல் ஆபத்து வேறில்லை. அதனால் வெட்டுப்பட்டவற்றில் ஒன்றுக்கு மேல் வருகிறதா என்றும் எண்ணிவிடுங்கள்.

புலத்தை அகலப்படுத்திய பிறகும் ஏன் வெட்டுப்படுகிறது? எஸ்கியூஎல் சேர்வரில் 10 எழுத்துப் புலத்துக்குள் 12 எழுத்தை நேரடியாக நுழைக்கப் பார்த்தால் பிழைச்செய்தி வரும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் ஸ்டோர்ட் புரொசீஜர் (தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து வைத்த செய்நிரல்) ஒன்றின் பராமீற்றரோ (அதற்குக் கொடுக்கும் உள்ளீடு) உள்ளே அறிவித்த மாறியோ வார்கார் 10 (10 எழுத்து வரை கொள்ளும் வகை) என்று இருந்தால், 12 எழுத்தைக் கொடுக்கும்போது அது சத்தமில்லாமல் கடைசி இரண்டையும் வெட்டிவிட்டு மேலே போகும். பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை. அந்த வெட்டுப்பட்ட பெறுமதியோடு தேடினால் ஆள் இல்லை என்று வரும், பதிந்தால் தவறாகப் பதியும். அட்டவணையை மட்டும் பார்த்து "எல்லாம் 12 ஆக்கியாயிற்று" என்று நிம்மதியாக இருந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நீங்கள் தேட வேண்டியது அட்டவணைப் புலங்களை மட்டுமல்ல, அந்தப் பெறுமதி கடந்துபோகும் ஒவ்வொரு பாத்திரத்தையும்.

சரி, பெயர்த் தேடலைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். எஸ்கியூஎல் சேர்வரில் புலங்களின் விபரம் சிஸ்.கொலம்ஸ் என்ற அமைப்புப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனி. அதனால் சிஸ்.டேட்டாபேசஸிலிருந்து இயங்கு நிலையில் உள்ளவற்றின் பெயரை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதே குவெரியை ஓட்டி, விடைகளை ஒரே அட்டவணையில் சேருங்கள். எல்லாத் தரவுத்தளங்களிலும் ஓட்டித் தரும் ஆவணப்படுத்தப்படாத புரொசீஜர் ஒன்று உண்டு, பலர் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அது சிலவேளை சில தரவுத்தளங்களைத் தவறவிட்டுவிடும். முழுமை வேண்டிய வேலைக்கு அதை நம்பாதீர்கள். மைஎஸ்கியூஎல்லில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்ற விபரப் பட்டியல் முழுச் சேர்வருக்கும் ஒன்று, ஒரே குவெரியில் முடிந்துவிடும். போஸ்ட்கிரெஸின் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் எந்தத் தரவுத்தளத்தோடு இணைந்திருக்கிறீர்களோ அது மட்டும்தான் தெரியும், ஒவ்வொன்றாக இணைந்து ஓட்ட வேண்டும்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு பொறி: உங்கள் கணக்குக்கு உரிமை உள்ளதை மட்டும்தான் இந்தப் பட்டியல்கள் காட்டும். உரிமை இல்லாத அட்டவணை இல்லாத அட்டவணையைப் போலவே தோன்றும். ஆகவே தேடத் தொடங்கும் முன்னரே முகாமையாளரிடம் எழுத்தில் கேட்டு, வரையறைகளைப் பார்க்கும் உரிமையை எல்லாத் தரவுத்தளங்களிலும் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளப் பட்டியல் தரவுத்தளத்துக்கு மறுப்பார்கள். தரவைப் பார்க்கப் போவதில்லை, அமைப்பை மட்டும்தான் என்று விளக்குங்கள்.

பெயர்களை விரிவாக யோசியுங்கள். என்ஐசி, என்ஐசி_நோ, ஐடி_நோ, ஐடென்டிட்டி, மெம்பர்_ரெஃப், கேரண்டர்1 என்று எதுவும் இருக்கலாம். எஸ்கியூஎல்லில் (குவெரி எழுதும் மொழி) லைக் என்ற ஒப்பீட்டைப் போட்டுத் தேடும்போது அடிக்கோடு என்பது "ஏதாவது ஓர் எழுத்து" என்று பொருள்படும். அடிக்கோட்டையே தேடுகிறீர்கள் என்றால் எஸ்கியூஎல் சேர்வரில் அதைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். பெயரோடு நிற்காமல் அகலத்தையும் தேடுங்கள்: 9, 10, 12 எழுத்து அகலமுள்ள எல்லா எழுத்துப் புலங்களையும், பெயர் என்னவாக இருந்தாலும், பட்டியலிடுங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிஸ்.கொலம்ஸ் காட்டும் நீளம் பைட் கணக்கு. யூனிகோட் எழுத்துக்கான, எழுத்துக்கு இரண்டு பைட் எடுக்கும் என்வார்கார் 10 என்ற புலம் அங்கே 20 என்று தெரியும். 10 என்று மட்டும் தேடினால் யூனிகோட் புலங்கள் முழுவதும் தப்பிப்போகும். தமிழும் சிங்களமும் சேமிக்கும் நமது தரவுத்தளங்களில் அநேக புலங்கள் என்வார்கார்தானே.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருவோம்: பெறுமதியை வைத்துத் தேடுவது. இதை ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரில் செய்யாதீர்கள். காசாளர் கவுண்டரில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது பெரிய அட்டவணைகளை முழுதாக வாசிக்கும் குவெரி ஒன்று போனால் கிளைகள் எல்லாம் தேங்கிவிடும். நேற்றைய பேக்கப்பைத் தனியாக ஒரு கணினியில் மீட்டெடுத்து, அதில் ஓட்டுங்கள். போயா விடுமுறையில் ஓடவிட்டு மறுநாள் வந்து பார்த்தாலும் ஒன்றும் குறையாது.

செய்யும் முறை இது. எல்லா எழுத்துப் புலங்களையும், பெரிய முழுஎண் புலங்களையும் பட்டியலெடுங்கள். ஒவ்வொன்றிலும் வெறுமையில்லாத பெறுமதிகளில் சில ஆயிரத்தை மாதிரியாக எடுத்து, எத்தனை விகிதம் பழைய உருவத்தோடு, எத்தனை விகிதம் புதிய உருவத்தோடு பொருந்துகிறது என்று எண்ணுங்கள். பெறுமதியின் ஓரத்து வெற்றிடங்களை நீக்கி, எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிய பின் ஒப்பிடுங்கள். ஒரு புலத்தில் தொண்ணூறு வீதம் பொருந்தினால் அது அடையாள அட்டைப் புலம்தான், பெயர் என்னவாக இருந்தாலும். நூற்றுக்கு இரண்டு, மூன்று மட்டும் பொருந்தும் புலங்களைத் தள்ளிவிடாதீர்கள். அதில்தான் சுவையான விஷயங்கள் இருக்கும்: ரசீதின் குறிப்புப் பகுதியில் கிளை உத்தியோகத்தர் கையால் தட்டி வைத்தது, வேறு இடம் இல்லாததால் முகவரியின் மூன்றாவது வரியில் போட்டது.

எழுத்தை விட்டுவிட்டு 9 இலக்கமாக மட்டும் சேமித்திருக்கும் புலங்கள் தலையிடி தருபவை. முன்னாலுள்ள 0 விழுந்துபோன கைத்தொலைபேசி இலக்கமும் 9 இலக்கம், அதுவும் 7 என்று தொடங்கும். எழுபதுகளில் பிறந்தவர்களின் பழைய அட்டை இலக்கமும் 7 என்றுதான் தொடங்கும். நாள் பகுதி 001 முதல் 366, 501 முதல் 866 என்ற சோதனை ஓரளவு பிரித்துத் தரும், முழுதாகத் தராது. நிச்சயமான வழி, தெரிந்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அங்கத்தவர் அட்டவணையிலுள்ள இலக்கங்களைப் பழைய வடிவம், எழுத்தில்லாத 9 இலக்கம், 12 இலக்கமாக மாற்றியது என்ற மூன்று உருவிலும் ஓர் அட்டவணையில் போட்டு, சந்தேகமான புலத்தோடு இணைத்து, எத்தனை அகப்படுகிறது என்று எண்ணுங்கள். உண்மையான அங்கத்தவர்கள் நூற்றுக்கணக்கில் அகப்பட்டால் தற்செயல் என்று சொல்ல முடியாது. இரண்டு தரவுத்தளங்களை இணைக்கும்போது கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) முரண்பாடு என்று பிழை வரலாம். இரண்டு பக்கமும் ஒரே கொலேஷனைக் குறிப்பிட்டுவிட்டால் தீர்ந்தது.

முழுஎண் புலங்களை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்றால், 9 இலக்கம் சாதாரண இன்ட் வகைக்குள் அடங்கிவிடும். அதன் உச்சம் 2,147,483,647. பழைய காலத்துச் செயலிகளில் அப்படிச் சேமித்திருப்பார்கள். 12 இலக்கம் அதில் நுழையவே நுழையாது. அந்த இடத்தில் மென்பொருள் 0 போட்டிருக்கும் அல்லது வெறுமையாக விட்டிருக்கும். புதிய அங்கத்தவர்களுக்கு மட்டும் குறுஞ்செய்தி போவதில்லை என்றால் இப்படி ஒரு புலத்தைச் சந்தேகியுங்கள்.

கடன் தரவுத்தளத்தில் பிணையாளிகளை மறக்காதீர்கள். ஒரே பெறுமதி ஒரே அட்டவணையில் கடன்பெற்றவர், முதல் பிணையாளி, இரண்டாம் பிணையாளி என்று மூன்று வேடத்தில் வரும். தம்பலகாமத்தில் பெரும்போகத்துக்குக் கடன் எடுத்த விவசாயி, பக்கத்து வயல்காரருக்குப் பிணை நின்றிருப்பார். கடன்காரர் புலத்தை 12 ஆக்கிவிட்டுப் பிணையாளிப் புலத்தை 10 ஆகவே விட்டிருந்தால், அந்தப் பிணை யாருடையது என்று பிறகு நிரூபிப்பது கடினம். குழுக்கடன் அங்கத்தவர் அட்டவணை, வாரிசு நியமன அட்டவணை, கணக்கு மூடியவர்களை ஒதுக்கி வைத்த பழைய அட்டவணை எல்லாம் இதே வகை.

பெறுமதி புலமாக இல்லாமல் வேறு பொருளாகவும் மாறியிருக்கும். ஸ்கேன் செய்த அட்டைப் படத்தின் கோப்புப் பெயராக. செயலியின் பயனர் பெயராக, சிலவேளை முதல் கடவுச்சொல்லாகக்கூட. போஸ்ட்கிரெஸில் ஜேசன் (பல விபரங்களை ஒரே உரையாக அடுக்கும் வடிவம்) புலத்துக்குள் ஒரு சாவியாக. இவற்றைப் பிடிக்க, முழுப் பெறுமதி பொருந்துகிறதா என்று பார்க்காமல், உள்ளே எங்காவது அந்த உருவம் வருகிறதா என்று தேட வேண்டும். போஸ்ட்கிரெஸில், எழுத்துகளின் உருவத்தை வைத்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் இதற்கு அருமையான கருவி. அட்டை இலக்கம் கடவுச்சொல்லாக இருப்பது தெரிந்தால் அதை இந்த வேலையின் முடிவுவரை ஒத்திவைக்காமல் உடனே மாற்றுங்கள்.

இன்னொரு வகைப் பயன்பாட்டை எந்தத் தேடலும் லேசில் காட்டாது: இலக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுத்த விஷயங்கள். பிறந்த திகதி, பால், வயது மூன்றையும் அட்டை இலக்கத்திலிருந்து கணக்கிடும் செய்நிரல் நமது நாட்டில் எழுதிய அநேக மென்பொருள்களில் இருக்கும். முதல் இரண்டு எழுத்தை எடுத்து முன்னால் 19 போடும் ஒரு வரி, புதிய இலக்கம் வந்தால் எல்லோரையும் 1919இலும் 1920இலும் பிறந்தவர்களாக ஆக்கிவிடும். அதோடு நாள் கணக்கில் ஒரு சூட்சுமம்: அட்டை இலக்கத்தில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். 1985 என்ற சாதாரண ஆண்டில் 561 என்று வந்தால், 500ஐக் கழித்து 61, அதாவது பெண், மார்ச் 1. இதை அறியாமல் ஜனவரி 1இலிருந்து நாளை எண்ணினால் மார்ச் 2 என்று வரும். பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த பலருடைய பிறந்த திகதி ஒரு நாள் தள்ளி நிற்கிறதென்றால், அந்தப் புலம் கையால் பதிந்ததல்ல, அட்டை இலக்கத்திலிருந்து பிழையாகக் கணக்கிட்டது. பிறந்த திகதிப் புலமும் உங்கள் வரைபடத்தில் வர வேண்டும். மூத்த பிரஜைகளுக்கான வட்டி அந்தத் திகதியை வைத்துத்தான் கொடுக்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம்.

அடுத்தது செய்நிரலைத் தேடுவது. எஸ்கியூஎல் சேர்வரில் புரொசீஜர், வியூ (சேமித்து வைத்த குவெரி), ட்ரிகர் (தரவு மாறும்போது தானாக ஓடுவது), ஃபங்ஷன் எல்லாவற்றின் முழு உரையும் சிஸ்.எஸ்கியூஎல்_மொடியூல்ஸில் இருக்கிறது. இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் ரூட்டின்ஸ் பட்டியலில் தேடச் சொல்லும் பழைய பதில்களைப் பின்பற்ற வேண்டாம். அது முதல் 4,000 எழுத்தை மட்டுமே தரும். மாதமுடிவுப் புரொசீஜர் போன்ற நீளமானவற்றில் 4,000க்கு அப்பால் உள்ளது தெரியாமலே போகும். அதைவிடப் பழைய சிஸ்கொமன்ட்ஸ் உரையை 4,000 எழுத்துத் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும், தேடும் சொல் இரண்டு துண்டுக்கு நடுவில் உடைந்தால் அகப்படாது.

சார்புகளைக் காட்டும் சிஸ்.எஸ்கியூஎல்_எக்ஸ்பிரஷன்_டிபென்டன்சீஸ் என்ற பட்டியல் நல்லது. அடுத்த தரவுத்தளத்தின் அட்டவணையை முழுப்பெயரோடு அழைத்திருந்தால், அந்தத் தரவுத்தளத்தின் பெயரையும் காட்டும். ஆனால் அழைப்பவர் பக்கத்திலிருந்துதான் பார்க்க முடியும். அங்கத்தவர் தரவுத்தளத்தில் நின்றுகொண்டு "என்னை யார் கூப்பிடுகிறார்கள்" என்று கேட்டால் கடன் தரவுத்தளத்திலுள்ளவை தெரியாது. கடன் தரவுத்தளத்துக்குப் போய் "நீ யாரைக் கூப்பிடுகிறாய்" என்று கேட்க வேண்டும். எந்தப் புலம் என்ற மட்டத்திலும் அது எல்லாவற்றுக்கும் விடை தராது, பல இடங்களில் அட்டவணை வரைதான். சினொனிம் (மாற்றுப் பெயர்) வைத்திருந்தால் உண்மையான பெயர் சிஸ்.சினொனிம்ஸில் ஒளிந்திருக்கும். மறைகுறியாக்கிய புரொசீஜரின் உரை வெறுமை என்று வரும். அப்படி வெறுமையாக வருபவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்து, செய்து கொடுத்தவரிடம் மூலத்தைக் கேளுங்கள்.

எந்தக் கருவியாலும் சரியாகக் காண முடியாதது, ஓடும்போது எழுத்துத் துண்டுகளை ஒட்டிக் கட்டும் எஸ்கியூஎல். புலத்தின் பெயரே ஒரு மாறியிலிருந்து வரும். காசு கொடுத்து வாங்கும் கருவிகளும் இதில் திணறும். ஒட்டிக் கட்டும் புரொசீஜர்களை எக்ஸிகியூட்எஸ்கியூஎல் என்ற சொல்லை வைத்துத் தேடிப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் கண்ணால் வாசிப்பதுதான் வழி. செலெக்ட் ஸ்டார் (எல்லாப் புலங்களையும் எடு) என்று எழுதிய இடங்களும் இதே மாதிரி: பெயர் எங்கும் வராது, ஆனால் புலம் கடந்துபோகும்.

தரவுத்தளத்துக்கு வெளியே உள்ளவை: எஸ்கியூஎல் சேர்வர் இரவில் தானாக ஓட்டும் ஏஜென்ட் வேலைகளின் படிகள் எம்எஸ்டிபி என்ற அதன் அமைப்புத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. ரிப்போர்ட்டிங் சேர்விசஸ் பயன்படுத்தினால் ரிப்போர்ட்டுகளின் வரையறை அதன் சொந்தத் தரவுத்தளத்தில் கேட்டலொக் அட்டவணைக்குள் எக்ஸ்எம்எல்லாக இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் ட்ரிகரோடு ஈவென்ட்களையும் (குறித்த நேரத்தில் ஓடுபவை) பாருங்கள். போஸ்ட்கிரெஸ் வியூக்களுக்குப் புல மட்டத்தில் சார்பை வைத்திருக்கிறது, அதனால்தான் வியூ பயன்படுத்தும் புலத்தை நீக்க விடாது. ஆனால் பிஎல்பிஜிஎஸ்கியூஎல் (போஸ்ட்கிரெஸின் செய்நிரல் மொழி) ஃபங்ஷன்களின் உடல் அதற்கு வெறும் உரை, அதை பிஜி_ப்ரொக் என்ற அமைப்புப் பட்டியலில் உரையாகத்தான் தேட வேண்டும். கைத்தொலைபேசிச் செயலியின் மூலச் செய்நிரலில் தேடும்போது 10 என்ற அகலக் கட்டுப்பாட்டையும் தேடுங்கள். பெட்டியில் பத்து எழுத்துக்கு மேல் தட்ட முடியாதபடி வைத்திருந்தால் கிண்ணியாவில் தவணை சேகரிக்கும் தம்பி என்ன செய்வார்? அடங்கியதைத் தட்டிவிட்டுப் போவார்.

இவையெல்லாம் எழுதி வைத்ததைப் பார்ப்பது. உண்மையில் ஓடுவதைப் பார்க்க, எஸ்கியூஎல் சேர்வர் 2016 அல்லது அதற்குப் பிந்தையதென்றால், ஓடிய குவெரிகளைப் பதிந்து வைக்கும் குவெரி ஸ்டோரை இயக்கிவிடுங்கள். போஸ்ட்கிரெஸில் அதே வேலைக்கு பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ். ஒட்டிக் கட்டும் எஸ்கியூஎல்லும் இதில் அகப்படும், ஓடிய வடிவத்திலேயே. எவ்வளவு காலம் விட வேண்டும் என்றால், ஒரு மாதமுடிவாவது கடக்க வேண்டும். வருடாந்தக் கணக்காய்வுக்கும், போகத் தொடக்கத்தில் கடன் வழங்கும் நேரத்துக்கும் மட்டும் ஓடும் ரிப்போர்ட்டுகள் இருக்கும், ஆண்டில் ஓரிரு தடவை ஓடுவதைப் பயன்பாட்டில் இல்லை என்று நீக்கிவிடாதீர்கள்.

ஆட்களிடம் போய்க் கேட்பதை நான் தொழில்நுட்பத் தேடலுக்குச் சமமாக மதிக்கிறேன். கிளைக்கு நேரில் போய், "அக்கா, இந்த லிஸ்டை எங்கேயிருந்து எடுக்கிறீங்கள், எடுத்த பிறகு என்ன செய்வீங்கள்?" என்று கேட்டால் எக்செல் கோப்புகள் வெளியே வரும். அதில் ஒட்டினால் 12 இலக்கத்தை எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டு அடுக்குக்குறி வடிவில் காட்டும். அதைச் சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். அந்தக் கோப்பை யாராவது மறுபடி உள்ளே ஏற்றுகிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சம்பளப் பிரிவில் ஊழியர் சேமலாப நிதிக்கு மாதந்தோறும் அனுப்பும் விபரத்திலும் அட்டை இலக்கம் இருக்கிறது, அதை எந்தப் புலத்திலிருந்து எடுக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

கண்டுபிடித்ததை ஒரே பட்டியலில் எழுதுங்கள். தரவுத்தளம், அட்டவணை, புலம், அகலம் மட்டும் போதாது. அது மூலமா, பிரதியா, கணக்கிட்டதா, வெறுமனே கடந்துபோகும் வழியா, அதில் யார் எழுதுகிறார்கள், யார் வாசிக்கிறார்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள். என் அனுபவத்தில் "யார் எழுதுகிறார்கள்" என்பதுதான் பட்டியலின் உயிர். வாசிப்பவர் தவறினால் ஒரு திரை தவறாகும், எழுதுபவர் தவறினால் தரவே தவறாகும். திருத்தும்போது எழுதும் இடங்களை முதலில் திருத்துங்கள்.

பட்டியலில் உண்மையான ஆட்களின் இலக்கங்களை உதாரணமாகப் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் உரியது. மீட்டெடுத்த பேக்கப்பை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள், ஒப்பிடுவதற்கு உருவாக்கிய மூன்று உருவ அட்டவணையையும் சேர்த்து. ஆனால் இந்தப் பட்டியலையே வைத்துக்கொள்ளுங்கள். "என் விபரம் உங்களிடம் எங்கெல்லாம் இருக்கிறது" என்று ஓர் அங்கத்தவர் கேட்டால் பதில் அதில்தான் இருக்கிறது.

கருவிகளைப் பற்றிக் கேட்பீர்கள். ரெட்கேட்டின் எஸ்கியூஎல் சேர்ச் பெயர்த் தேடலுக்கு வேகமானது. ஓபன்மெட்டாடேட்டா, டேட்டாஹப் போன்ற திறந்தமூல மென்பொருள்கள் பெரிய நிறுவனங்களுக்குப் பயன்படும். நான்கு தரவுத்தளத்துக்கு அவற்றை நிறுவிப் பராமரிக்கும் நேரத்தில் மேலே சொன்னதையெல்லாம் செய்து முடித்துவிடலாம்.

எல்லாம் திருத்திய பிறகு, தனியான சோதனைச் சேர்வர்களில் ஒரு தடயப் பெறுமதியை விட்டுப் பாருங்கள். உயிரோடுள்ள யாருக்கும் இருக்க முடியாத இலக்கமாக எடுங்கள்: ஆண்டை 2090 என்று வைத்து, நாளை 001 முதல் 366க்குள் வைத்தால் உருவம் செல்லும், ஆள் இல்லை. அந்த இலக்கத்தோடு ஓர் அங்கத்தவரைப் பதிந்து, அவருக்கு ஒரு கடன் கொடுத்து, இன்னொரு கடனுக்குப் பிணையாளியாகப் போட்டு, செயலியில் ஒரு தவணை கட்டி, இரவு வேலைகளை ஓடவிடுங்கள். மறுநாள் நான்கு தரவுத்தளங்களிலும் 2090 என்று தொடங்கும் எல்லாப் பெறுமதிகளையும் தேடுங்கள். 12 இலக்கமாக நிற்பவை உங்கள் பட்டியலில் ஏற்கெனவே உள்ளனவா என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். பட்டியலில் இல்லாத இடத்தில் வந்திருந்தால் இன்னும் ஒரு எழுதுபவர் மிச்சம் இருக்கிறார். 10 இலக்கமாக வந்திருந்தால் வழியில் எங்கோ இன்னும் அகலப்படுத்தாத ஒரு பராமீற்றர் இருக்கிறது. வயதைச் சோதித்து "பிறந்த ஆண்டு பிழை" என்று ஒரு திரை மறித்தால், அந்தத் திரையும் இலக்கத்திலிருந்து ஆண்டைக் கணக்கிடுகிறது என்று எழுதிக்கொண்டு, அந்தச் சோதனையை நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.